விளக்கெண்ணெயில் பறக்குது விமானம்!

'போடா விளக்கெண்ணெய்!'னு யாராவது உங்களைத் திட்டினா இனிமே கோபப்படாதீங்க. அந்த விளக்கெண்ணெய் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல பறக்கறதை நான் கண்ணால பார்த்துட்டு வந்திருக்கேன். கூடவே நம்ம மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிற ஈதர். நாலாவதா, சிரிஞ்ச்ல அளந்து ஊத்துற ஒரு சமாசாரம். இந்தக் கட்டுரையே அந்த நாலாவது ஆளைப் பத்தினதுதான். அதுல ரெண்டே ரெண்டு மில்லி கூடினதால ஒரு பெரியவரோட கடைசி ரேஸ் என்னாச்சுன்னு சொல்லப்போறேன். அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு. வெளியில சொல்ல வெட்கமான பங்கு!

சரி, முதல்ல டிரெயின் ஏறுவோம்.

வாத்து ஊர்

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட... கிரந்தம் வந்துடும். லிங்கன்ஷயர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர். நான் மெக்கானிக்கல் முடிச்சுட்டு மேல்படிப்புக்காக இங்கிலாந்து போயிருந்த சமயம். சில வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் மாசக் கடைசி வாரம். அந்த வாரத் திங்கள்கிழமை அங்கே பொது விடுமுறை. ஹாஸ்டல்ல ஈ, காக்கா இல்லை. நோட்டீஸ் போர்டுல 'மாடல் விமானப் போட்டி'ன்னு ஒரு பேப்பர் பார்த்தேன். சும்மா கிடக்கறதுக்குப் போய்த்தான் பார்ப்போமேன்னு கிளம்பிட்டேன்.

கிரந்தம் சின்ன ஊர்தான். ஆனா அதோட பயோடேட்டாவைப் பாருங்க. ஐசக் நியூட்டன் படிச்ச பள்ளிக்கூடம் இங்கேதான். அவர் பிறந்த வூல்ஸ்தோர்ப் வீடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. மார்கரெட் தாட்சர் 1925-ல் பிறந்தது இதே ஊர்ல, அப்பாவோட மளிகைக்கடைக்கு மேல் மாடியில. ஊருக்குத் தெற்கே ரயில் ஏறி வர்ற ஸ்டோக் பேங்க்ங்கிற சரிவுலதான் 1938 ஜூலை 3-ம் தேதி 'மல்லார்ட்'ங்கிற நீராவி இன்ஜின் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகம் தொட்டுச்சு. நீராவி வண்டியில அந்த உலக சாதனையை இன்னிக்கு வரைக்கும் யாரும் முறியடிக்கலை. மல்லார்ட்னா ஒரு வகைக் காட்டு வாத்து.

வாத்துன்னதும் இன்னொண்ணு. ஸ்டேஷன் வாசல்ல டாக்ஸி டிரைவர் என்னைப் பார்த்து, 'எங்கே போகணும், டக்?'னு கேட்டார். நான் முறைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பக்கத்து ஆளுங்க பாசமா கூப்பிடறதே அப்படித்தான். நம்ம ஊர் 'கண்ணு', 'ராசா' மாதிரி!

மெக்கானிக்கல் மக்கள் மட்டும் இந்த இடத்துல கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ருடால்ஃப் டீசல் தன்னோட இன்ஜினுக்கு ஜெர்மனியில பேடண்ட் கேட்டு மனு போட்டது 1892. அதே 1892-ல், இந்தக் கிரந்தம் ஊர்ல ஹார்ன்ஸ்பி கம்பெனி கனரக எண்ணெயில ஓடற இன்ஜினை விக்கவே ஆரம்பிச்சிடுச்சு. வடிவமைச்சவர் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட். தீப்பொறி கிடையாது. சூடான ஒரு குமிழ் அறைக்குள்ள எண்ணெய் போய்த் தானா பத்திக்கும். டீசலோட இன்ஜின் சரியா ஓடினது 1897-ல்தான். அதனால, 'எங்க ஆளுதான் முன்னாடி'ன்னு இன்னிக்கும் வாக்குவாதம் பண்ற இங்கிலீஷ்காரங்க உண்டு.

தீப்பொறி இல்லாம எண்ணெய் பத்திக்கிற கதை ஆரம்பிச்ச ஊர்ல, அதோட குட்டிப் பேரன்களைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்னு அப்போ எனக்கே தெரியாது.

ஓடுபாதையில் ஒரு திருவிழா

கிரந்தமுக்கு வடகிழக்கே சுமார் எட்டு கிலோமீட்டர்ல பார்க்ஸ்டன் ஹீத். விமானப்படைத் தளம். 1944 செப்டம்பர்ல ஹாலந்துல இருக்கிற ஆர்னெம் நகரத்துல குதிக்கறதுக்காக பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் இங்கேயிருந்துதான் அமெரிக்க விமானங்கள்ல ஏறினாங்க. அதுல நிறைய பேர் திரும்பி வரலை. பக்கத்துல இருக்கிற க்ரான்வெல் விமானப்படைக் கல்லூரியில படிச்ச ஒரு மாணவர், 1928-ல் தன்னோட ப்ராஜெக்ட் கட்டுரையில எதிர்கால விமானங்களோட வேகம், உயரம் பத்தி எழுதினார். அப்போ அவருக்கு 21 வயசு. பேர் ஃப்ராங்க் விட்டில். பின்னாடி ஜெட் இன்ஜின் கண்டுபிடிச்சவர். அவரோட இன்ஜின் பொருத்தின முதல் பிரிட்டிஷ் ஜெட் விமானம் 1941 மே 15-ம் தேதி பறந்ததும் அதே க்ரான்வெல்லதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை சீனியர்கிட்ட வாங்கி அட்டையை மட்டும் மாத்துற நண்பர்களே... கவனிச்சீங்களா?

அந்தத் தளத்துல பல வருஷமா ஆகஸ்ட் கடைசியில பிரிட்டனோட தேசிய மாடல் விமானப் போட்டி நடந்துச்சு. புல்வெளி முழுக்க கூடாரம், கேரவன். குடும்பத்தோட வந்து டீ போட்டுக் குடிச்சுக்கிட்டு, பேரப்பிள்ளைகளோட பந்து விளையாடிக்கிட்டு... நம்ம ஊர் குலதெய்வக் கோயில் கிடா வெட்டு மாதிரி ஒரு கலகலப்பு. கிடா மட்டும்தான் இல்லை.

ரிமோட் கன்ட்ரோல் விமானங்களைத் தாண்டி ஓரமா நடந்தேன். காத்துல ஒரு வாசனை. ஒரு நொடி சேலத்துல எங்க பாட்டி வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு. விளக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ், தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெய் மூணும் கலந்த வாசனை. அதுக்கு மேல லேசா ஒரு ஆஸ்பத்திரி நெடி. வாசனையைப் பிடிச்சுக்கிட்டே போனா, தார் போட்ட ஒரு வட்டம். அதுக்குள்ள மூணு பேர் முதுகோட முதுகு ஒட்டின மாதிரி சுத்திக்கிட்டு இருக்காங்க. தலைக்கு மேல மூணு விமானம் 'ங்ங்ஙீஈஈ'ன்னு கத்திக்கிட்டுப் பறக்குது!

மூணு கம்பி, ஒரு வட்டம்

இதுக்குப் பேரு 'டீம் ரேஸ்'. விமானத்துக்கும் கைக்கும் நடுவுல ரெண்டு மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு அணிக்கு ரெண்டே பேர். பைலட் வட்டத்து நடுவுல நின்னு ஓட்டுவார். மெக்கானிக் வட்டத்துக்கு வெளியில குத்த வெச்சிருப்பார். ஒரே நேரத்துல மூணு அணி, ஒரே வட்டம்.

எஃப்-2-சி ங்கிற உலகப் போட்டிப் பிரிவோட கணக்கைச் சொல்றேன். கம்பியோட ஆரம் 15.92 மீட்டர். 2πr போட்டுப் பாருங்க, சரியா 100 மீட்டர் வரும். பத்து ரவுண்டுக்கு ஒரு கிலோமீட்டர். தகுதிச் சுற்று 100 ரவுண்டு, ஃபைனல் 200 ரவுண்டு. இன்ஜின் அளவு 2.5 சிசி. நம்ம ஊர் 100 சிசி பைக்கோட நாற்பதுல ஒரு பங்கு! டேங்க் 7 மில்லி, அதாவது ஒண்ணரை டீஸ்பூன். இந்தப் பொடிசை வெச்சுக்கிட்டு 10 கிலோமீட்டரை மூணு நிமிஷத்தை ஒட்டி முடிக்கிறாங்க. நடுவுல பெட்ரோல் பங்க்குக்கு நின்னு போற நேரமும் அதுல சேர்த்தி. மல்லார்ட் ரயில் தொட்ட அதே 200 கிலோமீட்டர் வேகம்... ஒரு தேக்கரண்டி எண்ணெயில!

அந்த 'பங்க்' காட்சியைப் பார்க்கணுமே. விமானம் இறங்கி வழுக்கிக்கிட்டு வரும். ஹெல்மெட் போட்ட மெக்கானிக் அதை இறக்கையோட ஒரு கையால லபக்னு பிடிப்பார். முன்னங்கையில கட்டியிருக்கிற குட்டி டேங்கிலிருந்து விரல் நுனிக் குழாய் வழியா எண்ணெய் பாயும். ஒரே ஒரு தட்டு தட்டினா ப்ரொப்பெல்லர் சுத்தும். கையை விட்டதும் பறந்துடும். எல்லாம் நாம ஒரு தும்மல் போடற நேரம்.

'அது சின்னப் பசங்க ஆட்டம். இங்கே வந்து நில்லு, டக்'னு பின்னாடியிருந்து ஒரு குரல்.

எழுபதைத் தாண்டின பெரியவர். எண்ணெய்க் கறை படிஞ்ச நீலக் கோட்டு. முழங்காலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் உறை. பக்கத்துல அவரோட பேத்தி. பத்தொன்பது வயசு இருக்கும், காலேஜ் ரெண்டாவது வருஷம். அவங்க கலந்துக்கிறது பழைய காலத்து விமானங்களுக்கான பிரிவு. பேத்தி பைலட், தாத்தா மெக்கானிக். வேகம் குறைச்சல், ஆனா ரோஷம் குறைச்சல் இல்லை.

அவங்க விமானத்து மூக்குல இருந்தது 'ஆலிவர் டைகர்'. 1950-களின் டீம் ரேஸ்ல கொடிகட்டிப் பறந்த இன்ஜின், இங்கேயிருந்து ரொம்ப தூரமில்லாத நாட்டிங்கம்ல கையால செஞ்சது. பெரியவரோட பழைய பைலட் நண்பர் சாகும்போது கொடுத்துட்டுப் போனதாம். 'இது உடைஞ்சா கடையில வாங்க முடியாது. என் முழங்காலும் அப்படித்தான்'னு சிரிச்சார். டாக்டர் இனிமே குத்த வைக்கவே கூடாதுன்னுட்டாராம். அந்த வார இறுதிதான் அவரோட கடைசி ரேஸ்.

நாலாவது பாட்டில்

மடக்கு மேஜை மேல வரிசையா பாட்டில்கள். பெரியவர் எனக்கு வகுப்பெடுத்தார். எங்க காலேஜ்ல ஒரு செமஸ்டர் முழுக்கப் புரியாதது பத்து நிமிஷத்துல புரிஞ்சுது. உங்களுக்கும் சொல்லிடறேன்.

இந்தக் குட்டி இன்ஜினை 'டீசல்'னு கூப்பிட்டாலும் பங்க்ல விக்கிற டீசல் இதுல ஓடாது. லாரி டீசல் இன்ஜின்ல காத்தை மட்டும் அழுத்திச் சூடாக்கி, கடைசி நேரத்துல எண்ணெயைப் பீய்ச்சுவாங்க. இதுல காத்தும் எண்ணெயும் முன்னாடியே கலந்து உள்ளே போயிடும். அழுத்தம் தாங்காம மொத்தமா பத்திக்கும். ஸ்பார்க் ப்ளக் கிடையாது, பேட்டரி கிடையாது. சிலிண்டர் உச்சியில ரெண்டாவதா ஒரு குட்டி பிஸ்டன். 'டி' எழுத்து மாதிரி ஒரு திருகு அதை மேலயும் கீழயும் தள்ளும். திருகை இறுக்கினா அழுத்தம் கூடும், தளர்த்தினா குறையும். எப்போ பத்திக்கணும்னு முடிவு பண்றது அந்தத் திருகும் எண்ணெயும்தான். பெரிய கார் கம்பெனிகள் இதே மாதிரி, முன்னாடியே கலந்து அழுத்திப் பத்த வைக்கிற முறையை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. மாஸ்டா கம்பெனி 2019-ல் ஸ்பார்க் உதவியோட அதைக் கார்ல கொண்டு வந்தது. இந்தப் பொடிசுங்க 1940-கள்லயே அதைப் பண்ணிடுச்சு!

இப்போ எண்ணெய். பழைய கணக்கு சிம்பிள். மூணுல ஒரு பங்கு ஈதர், ஒரு பங்கு மண்ணெண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய். ரேஸ்காரங்க இதுல கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்குவாங்க.

மண்ணெண்ணெய்தான் சாப்பாடு. சக்தி அதுலதான் அதிகம். அதைக் கூட்டினா ஒரு டேங்க்ல இன்னும் நாலு ரவுண்டு போகலாம். ஆனா அது சோம்பேறி, சுலபமா பத்திக்காது.

ஈதர்தான் அதை எழுப்பி விடற ஆள். 160 டிகிரியிலயே தானா பத்திக்கும். கொதிநிலை வெறும் 34.6 டிகிரி. சென்னை மே மாசத்துல மூடியைத் திறந்தா, அடுப்பே இல்லாம கொதிச்சுடும்! இன்னொரு வேலையும் செய்யுது. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா சேராது. மாமியார் மருமகள் கேஸ். ஈதர்தான் நடுவுல நின்னு சேர்த்து வைக்கிறது.

விளக்கெண்ணெய் மசகு. எவ்வளவு சூட்டுலயும் பிஸ்டனை ஒட்டிக்கிட்டு விடாது. முதல் உலகப் போர் விமானங்கள்ல சுழலும் இன்ஜின்களுக்கு இதைத்தான் ஊத்தினாங்க. 'காஸ்ட்ரால்'ங்கிற பேரே 'காஸ்டர்'ல இருந்து வந்ததுதான். உலகத்துல விளக்கெண்ணெய் உற்பத்தியில முதலிடம் இந்தியாவுக்கு, அதுல பெரும்பகுதி குஜராத்ல இருந்து. பெரியவர் டின்னைத் தட்டிக் காட்டி, 'உங்க நாட்டு ஆள் இல்லாம எங்களால பறக்க முடியாது'ன்னார். எனக்கு லேசா காலர் தூக்கிச்சு. ஒரு விளக்கெண்ணெய்க்காகப் பெருமைப்பட்டது வாழ்க்கையில அன்னிக்குத்தான்.

நாலாவதுதான் நம்ம ஹீரோ. சின்ன பாட்டில், மஞ்சள் சாயல்ல ஒரு திரவம். 'இக்னிஷன் இம்ப்ரூவர்'. பழைய காலத்துல இதய வலிக்குக் கொடுக்கிற அமைல் நைட்ரைட்டைப் போட்டாங்களாம். அதை முகர்ந்தா தலைவலி பிய்ச்சுடும். அப்புறம் அமைல் நைட்ரேட், ஐசோப்ரொப்பைல் நைட்ரேட், இப்போ எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். இந்தக் கடைசி ஆளை டீசலோட சீட்டேன் எண்ணைக் கூட்டறதுக்கு எண்ணெய்க் கம்பெனிகளும் துளியூண்டு சேர்க்கிறாங்க.

எதுக்கு இது? கணக்குப் போடுங்க. ரேஸ் இன்ஜின் நிமிஷத்துக்கு 20,000 சுத்துக்கு மேல. ஒரு சுத்துக்கு 3 மில்லி செகண்ட். அதுக்குள்ள இழுக்கணும், அழுத்தணும், பத்தணும், தள்ளணும், வெளியேத்தணும். அழுத்தம் உச்சிக்கு வந்தும் எண்ணெய் 'இதோ... பத்திக்கிறேன்'னு இழுத்தா கதை முடிஞ்சுது. பரீட்சையில 'இக்னிஷன் டிலே'ன்னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, அந்த இழுவைதான் இது. நைட்ரேட் சூட்டுல சட்டுனு உடையும். உடைஞ்ச துண்டுங்க மத்த மூலக்கூறுகளைக் கிளப்பி விட்டு எரிதலைச் சீக்கிரம் ஆரம்பிச்சு வைக்கும். கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு யாராவது ஒருத்தர் போய் உட்கார்ந்தாத்தானே கூட்டம் எழுந்திருக்கும்... அந்த ஒருத்தர்தான் நைட்ரேட்.

'எவ்வளவு ஊத்துவீங்க?'

'ஒண்ணரை சதவீதம். ரெண்டு. அதுக்கு மேல பெரிசா எதுவும் கிடைக்காது. கூட்டினா ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. திருகைத் தளர்த்தணும். சீக்கிரம் பத்திக்கிற எண்ணெயை அதே அழுத்தத்துல அடைச்சா, பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள வெடிச்சு அதை எதிர்த்துத் தள்ளும். அப்புறம் ராடு போகும்.'

மேஜையில ஒரு பழைய நோட்டு. பக்கம் பக்கமா அட்டவணை. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், நைட்ரேட். அன்னிக்கு வெயில் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு. எத்தனை ரவுண்டு, எவ்வளவு நேரம். நாற்பது வருஷக் கணக்கு. நான் வாழ்க்கையில பார்த்த மிகச் சிறந்த லேப் ரெக்கார்ட் அதுதான். காப்பி அடிக்காதது!

ரெண்டு மில்லி

மதியம் ஃபைனல். வெயில் போய் மேகம் மூடி, குளிர் காத்து அடிக்க ஆரம்பிச்சுது. எதிர் அணிகள் ரெண்டும் வேகமான ஆளுங்க. பேத்தி கேட்டா: 'தாத்தா, குளிர்ல இன்ஜின் தயங்குது. இன்னும் ஒரு சதவீதம் ஊத்துங்களேன்.'

பெரியவர் யோசிச்சார். 200 மில்லி பாட்டில், ஒண்ணரை சதவீதம்னா உள்ளே 3 மில்லி இருக்கு. இன்னும் 2 மில்லி. 'வட்டத்துக்குள்ள நிக்கப்போறது நீ. சரி'ன்னு சிரிஞ்ச்சை எடுத்து ஊத்தினார். நோட்டுல எழுதினார். பாட்டிலைக் குலுக்கினார். அடுத்து அவர் கை திருகுப் பக்கம் போகுது...

இந்த இடத்துலதான் நம்ம வாய் சும்மா இருக்கலை. 'சார், அப்போ இதுவும் அந்த மாஸ்டா டெக்னாலஜியும் ஒண்ணுதானா? காம்ப்ரஷன் ரேஷியோ எவ்வளவு வரும்?'

அவர் நிமிர்ந்தார். ரொம்ப மரியாதையான மனுஷன். கேள்வி கேட்கிற பையனுக்குப் பதில் சொல்லாம இருக்க அவரால முடியாது. விளக்கமா சொல்ல ஆரம்பிச்சார். நடுவுல மைக்ல அணிகளைக் கூப்பிட்டாங்க. பேத்தி கைப்பிடியைத் தூக்கிக்கிட்டு ஓடினா. அவர் விமானத்தைத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டிப் பின்னாடி ஓடினார்.

திருகைத் தளர்த்தலை. எனக்கும் தெரியலை, அவருக்கும் ஞாபகம் இல்லை.

முதல் பத்து ரவுண்டு பிரமாதம். நான் குதிச்சேன். அதுக்கப்புறம் சத்தம் மாறிச்சு. 'ஈஈ'ன்னு இருந்தது 'ஊஊ'ன்னு இறங்கிச்சு, சுமை ஏத்தின வண்டி மேடு ஏறற மாதிரி. பெரியவர் முகம் மாறிடுச்சு. கத்தினாலும் பேத்திக்குக் கேட்காது. கேட்டாலும் பறக்கிற இன்ஜினை அவளால ஒண்ணும் பண்ண முடியாது. டேங்க் காலியாகிற வரைக்கும் காத்திருக்கணும். அந்தச் சில ரவுண்டுகள் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

டேங்க் காலி. விமானம் இறங்கி வந்துச்சு. அந்த முழங்காலோட பாய்ஞ்சு சுத்தமா பிடிச்சார். வழியில பூரா எண்ணெய். தேன் நிறத்துல இருக்க வேண்டியது தார் மாதிரி கறுப்பு. எண்ணெய்க் குப்பியை எடுத்தவர் நிறுத்தினார். ப்ரொப்பெல்லரை ரெண்டு விரலால பிடிச்சு முன்னயும் பின்னயும் லேசா ஆட்டினார். சின்னதா ஒரு 'டிக்'. கனெக்டிங் ராடுல ஆட்டம் விழுந்திருக்கு.

எண்ணெய் ஊத்தி, திருகைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டியிருந்தா ஓடியிருக்கும்தான். பாதி ரேஸோ, முழு ரேஸோ. யாருக்குத் தெரியும்? அவர் குப்பியைக் கீழே வெச்சார். விமானத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மெதுவா எழுந்தார். கையை உயர்த்தி 'நாங்க அவுட்'னு காட்டினார்.

பேத்தி கைப்பிடியோட நடுவுலயே குனிஞ்சு உட்கார்ந்துட்டா, மத்த ரெண்டு அணி கம்பியும் தலைக்கு மேல சுத்தி முடியற வரைக்கும். வெளியில வந்ததும் கண்ணுல தண்ணி. 'ஏன் தாத்தா? கடைசி ரேஸ்! ஓடியிருக்கும்ல?'

'எனக்குத்தான் கடைசி. இன்ஜினுக்கு இல்லை. உனக்கும் இல்லை.'

அவ்வளவுதான் சொன்னார். டீ போடப் போயிட்டார்.

நோட்டுல கடைசி வரி

சாயங்காலம் கூடாரம் பிரிக்க உதவி பண்ணேன். வேற என்ன செய்ய? மன்னிப்பு கேட்கலாம்னு வாயெடுத்தேன். அவர் நோட்டை எழுதிக்கிட்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எல்லா எண்களுக்கும் கடைசியில ரெண்டே வாக்கியம்: நைட்ரேட் கூட்டினேன், திருகைத் தளர்த்த மறந்தேன். தப்பு என்னுடையது.

'சார், நான் பேசினதாலதான்...'

'திருகு என் கையில இருந்துச்சு, டக். உன் வாயில இல்லை.' சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்புறம் நோட்டை மூடி, இன்ஜினைத் துணியில சுத்தி, ரெண்டையும் பேத்தி மடியில வெச்சார். 'ராடு மாத்திடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கடைசல் பட்டறை வெச்சிருக்கார். அடுத்த பக்கத்துல இருந்து நீ எழுது.'

அவ நோட்டைத் திறந்து அன்னிக்குத் தேதிக்குக் கீழே தன் கையெழுத்துல ஒண்ணு சேர்த்தா: கேட்டது நான்.

நானும் எழுதியிருக்கணும். பேனா கேட்கிற தைரியம் வரலை. அதான் இப்போ உங்ககிட்ட எழுதறேன்.

போறதா இருந்தா...

இந்த விளையாட்டு இன்னும் சாகலை. எஃப்-2-சி உலகப் போட்டிகள் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா சுத்தி நிக்கற தலைகள்ல நரைச்சதுதான் ஜாஸ்தி. ஈதர் வாங்கறதும் முன்ன மாதிரி சுலபமில்லை. போதைப்பொருள் தயாரிப்புல பயன்படுதுன்னு உலகம் முழுக்கக் கண்காணிக்கிற ரசாயனங்கள்ல அதுவும் ஒண்ணு. பிரிட்டிஷ் மாடல் விமானச் சங்கம் கிரந்தமுக்குத் தெற்கே பக்மின்ஸ்டர்ல தன்னோட தேசிய மையத்தை அமைச்சிருக்கு. அந்தப் பக்கம் படிக்கப் போறவங்க ஒரு லீவு நாள்ல எட்டிப் பாருங்க. காதுல பஞ்சு வெச்சுக்கங்க. நல்ல சட்டை வேண்டாம், விளக்கெண்ணெய் கறை லேசுல போகாது.

ஒரு கண்டிஷன். 'வீட்டுல மண்ணெண்ணெய் இருக்கு, விளக்கெண்ணெய் இருக்கு, லேப்ல ஈதர் இருக்கு'ன்னு யாரும் கிளம்பிடாதீங்க ப்ளீஸ்! ஈதர் ஆவி காத்தைவிடக் கனம். தரையோட ஊர்ந்து போய், அறையோட அந்த மூலையில இருக்கிற சுவிட்ச் தீப்பொறியில பத்திக்கும். திறந்து வெச்ச பழைய ஈதர் பாட்டில்ல பெராக்சைடு சேர்ந்து, சும்மா அசைச்சாலே வெடிக்கலாம். நைட்ரேட் விஷயம் அதுக்கும் மேல. அந்தப் பெரியவருக்கு நாற்பது வருஷம் ஆச்சு. அப்படியும் ஒரு நாள் மறந்துச்சு.

இன்னொண்ணு. யாராவது திருகு பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது, அது தாத்தாவோ, டிரைவரோ, டீக்கடை மாஸ்டரோ... உங்க சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. வேலை முடிஞ்சதும் கேட்டா அவங்களே டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுவாங்க.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தப்போ, அன்னிக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர்ல அந்த வாசனை அப்படியே இருந்துச்சு. பாட்டி முகர்ந்து பார்த்துட்டுக் கேட்டாங்க: 'ஏண்டா, சீமைக்குப் போயும் விளக்கெண்ணெய்தான் தேய்ச்சுக் குளிச்சியா?'